துணிப்பையா, பிளாஸ்டிக் தொட்டியா: கடலூர் மொட்டை மாடிக்கு எது பொருந்தும்?

மஞ்சக்குப்பம் மாடி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் இரண்டு ஆண்டுகளாகச் செடிகள் வளர்த்து வருகிறேன். இப்போது பதினைந்து கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டிகள் இருக்கின்றன. அவற்றில் ஐந்து, சென்ற கோடை வெயிலில் விளிம்பிலிருந்து விரிசல் விட்டு, தூக்கினால் துண்டாகக் கையோடு வந்துவிடுகிற நிலையில் உள்ளன. ஆடிப்பட்டத்துக்கு முன்பாக அவற்றை மாற்றிவிட்டு, இன்னும் பத்துச் செடிகளுக்கு இடம் செய்துகொள்ள வேண்டும் என்று நினைத்திருக்கிறேன்.

நாற்றுப் பண்ணையில் கேட்டபோது, "இப்போது யாரம்மா பிளாஸ்டிக் தொட்டி வாங்குகிறார்கள், துணிப்பையில் வைத்தால்தான் வேர் மூச்சு விடும்" என்று சொல்லி ஐந்து பைகளைக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு அம்மாவோ, துணிப்பையில் வைத்த தக்காளிக்குக் காலையில் ஊற்றிய தண்ணீர் மாலைக்குள் காய்ந்து போனது என்று சலித்துக்கொண்டு, தம்முடைய பைகளை மாடிப்படிக்கு அடியில் மடித்துப் போட்டிருக்கிறார். இரண்டு பேருமே பொய் சொல்லக்கூடியவர்கள் அல்லர் என்பதால்தான் எனக்குக் குழப்பம்.

நான் வைக்க நினைப்பவை தக்காளி, கத்தரி, வெண்டை, அரைக்கீரை, சிறுகீரை ஆகியவற்றோடு ஒரு கறிவேப்பிலை, ஒரு எலுமிச்சை, இரண்டு குண்டுமல்லி. மாநகராட்சித் தண்ணீர் வீட்டுச் செலவுக்கே சரியாகிவிடுகிறது; செடிகளுக்குப் போர் தண்ணீர்தான், அது வாயில் வைத்தால் சற்றே கரிக்கும். மாதம் ஒருமுறை மூன்று நாள்கள் மகள் வீட்டுக்குச் சென்னை சென்றுவிடுவேன். மாடியில் பிற்பகல் முழுவதும் மேற்கு வெயில் விழும். இந்த நிலைமையில் எதை வாங்குவது நல்லது என்று அனுபவப்பட்டவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

லாஸ்பேட்டைத் தோட்டக்காரர் எழுதியது:

வணக்கம் அம்மா. புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஒன்பது ஆண்டுகளாக மாடித்தோட்டம் வைத்திருக்கிறேன். இரண்டிலும் செடிகளை வாழவைத்திருக்கிறேன், இரண்டிலும் சாகடித்தும் இருக்கிறேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம் பக்கத்துக் கடைகளில் "குரோ பேக்" என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு பொருள்கள் விற்கப்படுகின்றன. ஒன்று, வெளியே வெள்ளையும் உள்ளே கறுப்புமாக இருக்கும் பாலித்தீன் தாள் பை. இன்னொன்று, எச்.டி.பி.இ என்ற அடர்த்தியான பிளாஸ்டிக் இழைகளால் தார்ப்பாயைப் போல நெய்து மேலே பூச்சிட்ட பை, பச்சை நிறத்திலும் ஆரஞ்சு நிறத்திலும் தொங்குபவை பெரும்பாலும் இவைதான். மூன்றாவதாக உள்ளதே உண்மையான துணிப்பை. அது நெய்யப்படாமல் இழைகளை அழுத்திப் பிணைத்துச் செய்யப்படுவது. தொட்டால் கம்பளித் துண்டைப் போல மெத்தென்று இருக்கும், ஜியோ ஃபேப்ரிக் என்று சொல்வார்கள். அந்த இழையும் பெரும்பாலும் பிளாஸ்டிக் வகைதான் என்பதால், துணிப்பை வாங்கினால் பிளாஸ்டிக்கை ஒழித்துவிட்டோம் என்ற பெருமை வேண்டாம். முதல் இரண்டு வகைகளும் வடிவத்தில் பை, குணத்தில் தொட்டி. பக்கச்சுவர் வழியே அவற்றில் காற்றும் போகாது, ஈரமும் வெளியேறாது. ஆகவே "துணிப்பை" என்று கடைக்காரர் எதைச் சொன்னார் என்பது தெரியாமல் மேற்கொண்டு பேசினால், நாம் ஆளுக்கொரு பொருளைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம்.

வேர் மூச்சு விடும் என்பது கடைப் பேச்சு என்றாலும் அதில் உண்மை இல்லாமல் இல்லை. பிளாஸ்டிக் தொட்டியில் சுவரை எட்டிய வேர் வழி தேடிச் சுவரை ஒட்டியே சுற்றிச் சுற்றி வளர்கிறது. மூன்று ஆண்டுகள் கழித்துத் தொட்டியைக் கவிழ்த்தால் மண்ணைக் காணாமல் வேரால் முடைந்த கூடை ஒன்றைத்தான் காண்போம். துணிப்பையில் வேரின் நுனி சுவரின் இழைகளுக்குள் நுழைந்து வெளிக்காற்றைத் தொட்டதும் காய்ந்துவிடுகிறது, உடனே அதன் பின்பகுதியிலிருந்து பக்க வேர்கள் கிளைக்கின்றன. ஆனால் இந்த நன்மை யாருக்குப் பயன்படும் என்று பார்க்க வேண்டும். தக்காளியும் வெண்டையும் நான்கைந்து மாதங்களில் முடிந்துபோகும் பயிர்கள். வேர் சுற்றிக்கொண்டு நெரிபடுவதற்குள் அவற்றின் ஆயுளே முடிந்துவிடும். ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கப்போகும் உங்கள் எலுமிச்சை, கறிவேப்பிலை, குண்டுமல்லி ஆகியவற்றுக்குத்தான் அது வேண்டும்.

உங்கள் பக்கத்து வீட்டு அம்மா சொன்னதும் சரியே. உயரமும் விட்டமும் சமமாக உள்ள பையில் பக்கச்சுவரின் பரப்பு, வாயின் பரப்பைப் போல் நான்கு மடங்கு. பிளாஸ்டிக் தொட்டியில் வாய் வழியாக மட்டுமே ஆவியாகும் ஈரம், துணிப்பையில் இந்த நான்கு மடங்குச் சுவர் வழியாகவும் ஆவியாகிறது. அப்படி ஆவியாவதால் பை குளிர்ந்திருக்கும் என்பது அதன் நல்ல பக்கம், பானைத் தண்ணீர் குளிர்வதைப் போல. மேற்கு வெயில் படும் கறுப்புத் தொட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். வெயில் பட்ட பக்கத்து வேர்கள் வெந்து பழுப்பாக இருக்கும், மறுபக்கத்தில் வெள்ளையாக இருக்கும். துணிப்பையில் நான் அப்படிக் கண்டதில்லை. ஆனால் அந்தக் குளிர்ச்சிக்கு விலை தண்ணீர்தான்.

ஆகவே அளவில்தான் சூட்சுமம் இருக்கிறது. 12 அங்குலப் பையில் சுமார் 22 லிட்டர் மண்கலவை கொள்ளும், 18 அங்குலப் பையில் சுமார் 75 லிட்டர் கொள்ளும். ஈரத்தை இழக்கும் சுவர் இரண்டேகால் மடங்குதான் கூடுகிறது, ஈரத்தைச் சேமிக்கும் கலவையோ மூன்று மடங்குக்கும் மேல் கூடுகிறது. அதனால்தான் சிறிய துணிப்பை அக்னி நட்சத்திர நாள்களில் ஒரு பொழுதுகூடத் தாங்காமலும், பெரிய பை இரண்டு நாள் தாங்குவதாகவும் இருக்கிறது. மாதம் மூன்று நாள் ஊரில் இல்லாத ஒருவர் 12 அங்குலத் துணிப்பையில் தக்காளி வைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எலுமிச்சைக்கும் கறிவேப்பிலைக்கும் மல்லிக்கும் 18 அங்குலத் துணிப்பை, காய்கறிகளுக்குத் தொட்டி அல்லது எச்.டி.பி.இ பை, கீரைக்கு அகலமான தாழ்ந்த பை என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

அரியாங்குப்பம் வாளி எழுதியது:

மேலே எழுதியவரோடு பாதி உடன்படுகிறேன். மீதிப் பாதியில், தொட்டிக்கு அவர் போதிய நியாயம் செய்யவில்லை என்று நினைக்கிறேன்.

என் மாடியில் இருப்பவை எல்லாம் பெயின்ட் அடிப்பவர்களிடமிருந்து வாங்கிய 20 லிட்டர் பெயின்ட் வாளிகள். ஆறாவது ஆண்டு நடக்கிறது, கைப்பிடி அறுந்ததைத் தவிர வேறு சேதம் இல்லை. அதே காலத்தில் நான் வாங்கிப் பார்த்த நான்கு துணிப்பைகளில் மூன்றின் அடித்தையல் மூன்றாம் ஆண்டிலேயே விட்டுப்போயிற்று. ஈரமான பையை இரண்டு காதுகளையும் பிடித்து நகர்த்த முயன்றதுதான் காரணம். உங்கள் தொட்டிகள் விரிசல் விட்டதற்கு, பழைய பிளாஸ்டிக்கை உருக்கி மெல்லியதாக வார்த்ததே காரணமாக இருக்கும். விளிம்பை இரு விரலால் அழுத்திப் பார்த்து, உடனே வளைந்து கொடுப்பதை வாங்காமல் விடுங்கள். வெப்பத்துக்கும் எளிய வழி உண்டு: மேற்குப் பக்கம் தெரியும் வாளிகளின் மேல் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்துவிடுகிறேன், அல்லது பழைய கோணிச் சாக்கைச் சுற்றிவிடுகிறேன். முதல் வரிசை வாளிகள் பின்வரிசைக்கு நிழல் தருமாறு நெருக்கி வைத்தாலே பாதி வெப்பம் குறைந்துவிடும்.

என் தவற்றையும் சொல்லிவிடுகிறேன். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் கூடுதலாக மழை கொட்டியது நினைவிருக்கும். மறுநாள் மாடிக்குப் போனபோது ஏழு வாளிகள் குளமாக நின்றன. அடித்துளைகள் தரையோடு ஒட்டி அடைபட்டிருந்தன. அவற்றிலிருந்த கத்தரி முழுவதும் ஒரு வாரத்தில் வேர் அழுகிப் போயிற்று. அருகிலிருந்த ஒரே துணிப்பைச் செடி ஒன்றும் நடக்காதது போல நின்றது. அதன் பிறகு துளைகளை அடியில் போடாமல், அடியிலிருந்து ஒரு விரல் உயரத்தில் பக்கச்சுவரில் ஆறு துளைகளாகப் போடுகிறேன். வாளியைச் செங்கல் மேல் ஏற்றியும் வைக்கிறேன்.

அடியில் ஜல்லியோ ஓட்டுத்துண்டோ ஓர் அடுக்குப் போடும் வழக்கம் உங்களிடம் இருந்தால் விட்டுவிடுங்கள். எந்தத் தொட்டியிலும் அடிப்பகுதி மண் சில அங்குல உயரத்துக்கு நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஜல்லி போட்டால் அந்த ஈரப் பட்டை ஜல்லிக்கு மேலே ஏறி வேருக்கு நெருக்கமாக வந்துவிடுமே தவிர, நீர் விரைவாக வடியாது. துளை அடையாதிருக்க ஓர் ஓட்டுத்துண்டைக் கவிழ்த்து வைத்தால் போதும்.

தேவனாம்பட்டினம் உப்புக்காற்று எழுதியது:

இருவரும் வேரைப் பற்றியும் மழையைப் பற்றியும் எழுதினார்கள். கேட்டவர் போகிற போக்கில் சொன்ன "சற்றே கரிக்கும்" என்ற சொல்லை இருவருமே கடந்து போய்விட்டார்கள். கடற்கரையோரம் குடியிருக்கும் எனக்கு அந்தச் சொல்தான் முதலில் கண்ணில் பட்டது.

துணிப்பையின் சுவர் வழியே ஆவியாவது தண்ணீர் மட்டுமே. அதில் கரைந்திருந்த உப்பு எங்கும் போவதில்லை, சுவரிலேயே தங்கிவிடுகிறது. போர் தண்ணீர் ஊற்றிய என் பைகளின் வெளிப்புறத்தில் மாசி மாதத்திலேயே வெள்ளை பூக்கத் தொடங்கி, சித்திரையில் சுவர் முழுவதும் சுண்ணாம்பு அடித்தது போல ஆகிவிடும். வெளியே தெரிகிற உப்பைவிட, சுவரை ஒட்டிய உட்புற மண்ணில் தங்குகிற உப்புதான் ஆபத்தானது. நல்ல உறிஞ்சு வேர்கள் எல்லாம் அங்கேதான் கிளைத்திருக்கும். இலை ஓரம் கருகுவதைப் பார்த்துத் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து, அதே போர் தண்ணீரை நாளுக்கு மூன்று முறை சிறிது சிறிதாகத் தெளித்து, நானே என் எலுமிச்சைக்கு உப்புக் கண்டம் போட்டேன். சிறிது சிறிதாகத் தெளிப்பதுதான் மிகக் கெட்ட முறை என்பது பிறகுதான் புரிந்தது. ஊற்றினால் அடியில் வடியும் அளவுக்கு ஊற்ற வேண்டும், அந்த வடிநீர்தான் உப்பை வெளியே கொண்டு போகும். பிளாஸ்டிக் தொட்டியிலும் உப்புச் சேரும் என்றாலும், ஆவியாதல் குறைவு என்பதால் ஊற்றும் தண்ணீரும் குறைவு, அதனோடு வந்து சேரும் உப்பும் குறைவு.

ஆகவே தண்ணீரை அளந்து பார்க்காமல் துணிப்பை வாங்காதீர்கள். குடிநீர் இயந்திரம் பழுது பார்க்க வருபவரிடம், தண்ணீரில் கரைந்துள்ள உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ் மீட்டர் இருக்கும், ஒரு நிமிட வேலைதான். பாசன நீருக்கு உலக உணவு வேளாண்மை அமைப்பு தந்துள்ள அளவுகோலின்படி லிட்டருக்கு 450 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால் கவலையில்லை, 450 முதல் 2000 வரை கவனம் வேண்டும், 2000-ஐத் தாண்டினால் கடுமையான கட்டுப்பாடு வேண்டும். பயிருக்குப் பயிர் தாங்கும் தன்மையும் வேறுபடும்: பீன்ஸ் சிறிது உப்புக்கே சுருண்டுவிடும், பீட்ரூட் தாங்கும், கொத்தவரை இன்னும் நன்றாகத் தாங்கும். எலுமிச்சை வகைகள் எல்லாமே உப்புக்கு அஞ்சுபவை. நாற்றுப் பண்ணையில் இதையெல்லாம் யாரும் கேட்டு விற்பதில்லை.

தென்னை நார்க்கழிவுக் கட்டி வாங்கினால் அதையும் ஊறவைத்து இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசிப் பிழிந்த பிறகே கலவையில் சேருங்கள், அதற்குள்ளேயே உப்பு இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை நமக்குப் பெரிய உதவி. அந்த இரண்டு மாதங்களில் பைகளை மழை படும்படி திறந்த வெளியில் வைத்தால், கோடை முழுவதும் சேர்ந்த உப்பை மழையே கழுவிவிடும்; வெளிச்சுவரைத் தேங்காய் நாரால் ஒருமுறை தேய்த்துவிட்டால் அடைபட்ட துளைகளும் திறந்துகொள்ளும். அரியாங்குப்பம் நண்பருடைய வாளிகளை மூழ்கடித்த அதே மழை என் பைகளுக்கு மருந்தாக இருந்தது.

மஞ்சக்குப்பம் மாடி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. உப்பைப் பற்றி எழுதியதைப் படித்ததும் தண்ணீரை அளந்து பார்த்தேன்: மீட்டர் 1380 காட்டியது. நான் நினைத்திருந்ததைவிட மிக அதிகம். பீன்ஸ் ஏன் எங்கள் மாடியில் ஒருமுறைகூட வரவில்லை என்பதற்கும் காரணம் கிடைத்துவிட்டது. இத்தனை நாள் விதைமேல் பழி போட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டு ஐயங்கள். எலுமிச்சை, கறிவேப்பிலை, மல்லி ஆகிய நான்கு செடிகளுக்கு மட்டும் மாநகராட்சித் தண்ணீரை ஒதுக்க முடியும். அப்படியானால் அவற்றுக்கு 18 அங்குலத் துணிப்பை வைக்கலாமா? அடுத்து, 75 லிட்டர் என்கிறீர்களே, அவ்வளவு எடையை மாடி தாங்குமா? எங்கள் வீடு கட்டி இருபத்தைந்து ஆண்டுகள் ஆகின்றன.

நெல்லிக்குப்பம் கட்டுமானம் எழுதியது:

செடியைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. கட்டட வேலை பார்ப்பவன் என்பதால் எடைக் கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். ஆள் நடமாட்டம் உள்ள மொட்டை மாடிக்கு, நம் நாட்டுக் கட்டடத் தரநிலையின்படி சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ நடமாட்டச் சுமை வைத்துத்தான் கணக்குப் போடுவார்கள். நனைந்த கலவையை லிட்டருக்கு ஒரு கிலோ என்று வைத்தாலே 18 அங்குலப் பை 75 கிலோ வரும், செம்மண் கூடுதலாகச் சேர்த்தால் நூறையும் தாண்டும். நான்கு பைகளை ஒரே இடத்தில் ஒட்டி வைத்தால் அந்தச் சதுர மீட்டர் மீது கணக்கில் இல்லாத சுமை ஏறிவிடும். கைப்பிடிச் சுவரை ஒட்டி, கீழே சுவரோ உத்தரமோ ஓடும் கோட்டின் மேல், ஒன்றுக்கொன்று ஒன்றரை மீட்டர் இடைவெளி விட்டு வையுங்கள். அறையின் நடுப்பகுதிக்கு மேலே வைக்க வேண்டாம். தளத்தில் ஏற்கெனவே விரிசலோ கம்பி துருவேறிய அடையாளமோ தெரிந்தால், ஒரு பொறியாளரை நேரில் அழைத்துக் காட்டிவிட்டுப் பிறகு பையை ஏற்றுங்கள்.

துணிப்பை பற்றி எங்களிடம் வரும் புகார் ஒன்றே ஒன்றுதான். பையைத் தட்டோட்டின் மேல் நேராக வைத்துவிடுகிறார்கள். அடியில் எப்போதும் ஈரம் நின்று, ஓட்டின் இடுக்கு வழியாகத் தளத்துக்குள் இறங்குகிறது. அடியில் காற்று ஓடுமாறு இரும்பு ஸ்டாண்டிலோ நான்கு செங்கற்களின் மேலோ வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. தட்டு வைப்பதானால் அதில் நிற்கும் நீரை இரண்டு நாளுக்கு ஒருமுறையாவது கொட்டிவிடுங்கள், டெங்கு கொசு அதில்தான் முட்டையிடும்.

லாஸ்பேட்டைத் தோட்டக்காரர் எழுதியது:

1380 என்றால் என் பரிந்துரையை மாற்றிக்கொள்கிறேன். உப்பைப் பற்றி நான் எண்ணாமல் விட்டது பிழைதான்; என் வீட்டுத் தண்ணீர் நல்ல தண்ணீர் என்பதால் எல்லோருக்கும் அப்படியே இருக்கும் என்று எழுதிவிட்டேன். நல்ல தண்ணீர் கொடுக்க முடிந்த நான்கு செடிகளுக்குத் துணிப்பை வைக்கலாம், அதில் மாற்றமில்லை. போர் தண்ணீரில் வளரப்போகும் காய்கறிகளுக்கு வெள்ளை அடித்த தொட்டியே போதும். பீன்ஸை விட்டுவிட்டுக் கொத்தவரை போடுங்கள். நீங்கள் சென்னை செல்லும் நாள்களில் தொட்டிகளை நிழல்வலைக்குக் கீழே சேர்த்து வைத்து, மண்ணின் மேல் காய்ந்த தென்னை மட்டையையோ வைக்கோலையோ மூடாக்காகப் போட்டுவிட்டுப் போகலாம்.

நாற்றுப் பண்ணையில் கொடுத்த ஐந்து பைகள் எந்த வகை என்று இன்னும் நீங்கள் சொல்லவில்லையே. பையின் சுவரை உதட்டோடு வைத்து ஊதிப் பாருங்கள். மூச்சு மறுபக்கம் போனால் துணி.

மஞ்சக்குப்பம் மாடி எழுதியது:

ஊதிப் பார்த்தேன். கன்னம்தான் உப்பியது, காற்று ஒரு துளியும் போகவில்லை. உள்ளே இரண்டு குவளை தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டும் பார்த்தேன்; அடியிலுள்ள துளைகள் வழியாக மட்டும் ஒழுகியது, சுவர் நனையவே இல்லை. ஆரஞ்சு நிறத்தில் இழை இழையாகத் தெரிவதால் நானும் துணி என்றே நம்பியிருந்தேன். மாடிப்படிக்கு அடியில் கிடக்கும் பக்கத்து வீட்டு அம்மாவின் பைகளை வாங்கி ஊதினால், அவைதான் உண்மையான துணிப்பைகள்! அளவும் 18 அங்குலத்துக்குக் கிட்டத்தட்ட வருகிறது. என் ஐந்து ஆரஞ்சுப் பைகளுக்கு அவற்றில் நான்கைக் கேட்டிருக்கிறேன். எலுமிச்சை காய்த்தால் பங்கு வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒப்புக்கொண்டிருக்கிறார்.

அரியாங்குப்பம் வாளி எழுதியது:

நல்ல வியாபாரம். ஆரஞ்சுப் பைகளைக் கொடுக்கும்போது அடித்துளைகள் போதாது என்பதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள். அடியிலிருந்து ஒரு விரல் உயரத்தில் சுற்றிலும் ஆறு துளைகளைச் சூடான கம்பியால் போடச் சொல்லுங்கள். கத்தரிக்கோலால் வெட்டினால் நெய்த இழை அங்கிருந்தே பிரிந்துகொண்டு போகும்.